மூணு வயசுன்னு வாங்கின பொட்டைக் குதிரை, சேணத்தைப் பார்த்தாலே நடுங்குது. மறுபடி எங்கிருந்து தொடங்கறதுங்க?

மூலனூர்த் தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில வாங்கின மார்வாரிக் கலப்பு. வித்தவங்க அப்பவே மூணு வயசுன்னாங்க. உசரம் 58 இஞ்ச். குணம் தங்கம், கடி, உதை எதுவும் கிடையாது. சேணம் போட்டு தோட்டத்துக்குள்ள ஒரு ரெண்டு மாசம் நல்லாத்தான் நடந்துச்சு.

வைகாசிக் கடைசியில காத்து ஆரம்பிச்ச அன்னிக்கு, சாளை மேல போட்டிருந்த நீலத் தார்ப்பாய் பிச்சுக்கிட்டு வந்து முன்னாடி விழுந்துது. குதிரை ஒரு துள்ளுத் துள்ளி, ஏறியிருந்த ஆளைக் கீழ போட்டுருச்சு. சேணம் சரிஞ்சு வயித்துக்கு அடியில போயிருச்சு. அங்கவடி (ஏறுறவரு கால் வெக்கிற வளையம்) ரெண்டும் பின்னங்காலுல அடிக்க அடிக்க, காட்டைச் சுத்தி ரெண்டு சுத்து ஓடித்தான் நின்னுது.

இப்ப நிலைமை:
சேணத்தைத் தூக்கிட்டுப் போனாலே உடம்பு நடுங்குது. வயித்து வாரை இழுத்தா மூச்சைப் பிடிச்சு ஊதிக்கிட்டு, முதுகை வளைச்சுட்டு நிக்குது. கால் வெச்சு ஏறப் போனா நகர்ந்துக்குது. தடத்துல காத்தாலை நிழலு சுத்துற இடத்தைத் தாண்டவே மாட்டேங்குது. வேலிக்குள்ளிருந்து மயில் படபடன்னு எந்திரிச்சா போச்சு.

ஏறுற ஆளு எடை 72 கிலோ, சேணம் 7 கிலோ. விழுந்ததுல இருந்து ஏறுறவருக்கும் கை நடுங்குது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. தீவனம் வேக வெச்ச கொள்ளு 3 கிலோ, கோதுமைத் தவிடு 1½ கிலோ, கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்) புல்லு, கொஞ்சம் கொழுக்கட்டைப் புல்லு. பகல் பூரா கட்டுத்தறியில.

ரெண்டு கேள்வி. முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்னா எந்தப் படியில இருந்து? வர்ற ஆடிச் சந்தைக்குள்ள ஏறிப் போற அளவுக்குத் தயார் பண்ணிர முடியுங்களா?

கொறங்காட்டான்:

பழக்குறது அப்புறம் ஆகட்டுங்க. முதல்ல உடம்பைப் பாருங்க. வாரை இழுத்தா முதுகை வளைக்குதுன்னா பாதி நேரம் அது பயமே இல்லை, வலி. வலியை வெச்சுக்கிட்டு எத்தனை மாசம் பழக்கினாலும் குதிரை கத்துக்கறது ஒண்ணுதான்: சேணம்னா வலி.

பல்லுல இருந்து ஆரம்பிங்க. உதட்டைத் தூக்கி முன் பல்லை எண்ணுங்க. நடுவுல இருக்குற ரெண்டு பல்லு, மேல ஒரு ஜோடி, கீழ ஒரு ஜோடி, 2½ வயசு வாக்குல பால் பல்லு விழுந்து நிரந்தரப் பல்லா மாறும். அதுக்கு அடுத்த ஜோடி 3½ல. கடைசி ஜோடி 4½ல. நிரந்தரப் பல்லு அகலமா, கொஞ்சம் மஞ்சளா, நெடுக கோடு விழுந்து இருக்கும். பால் பல்லு சின்னதா வெள்ளையா, ஈறுகிட்ட இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். போன ஆடியிலயே மூணு முடிஞ்சிருந்தா, இந்நேரம் ரெண்டாவது ஜோடியும் மாறியிருக்கோணும். மாறலைன்னா உங்ககிட்ட வயசைக் கூட்டிச் சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். சந்தையில இது புதுசில்லை.

கடைவாய்ப் பல்லு வரிசைக்கு முன்னாடி, பெரும்பாலும் மேல்தாடையில, சின்னதா ஒரு மொட்டுப் பல்லு இருக்குதான்னு டாக்டரை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. ஓநாய்ப் பல்லுன்னு சொல்றது அதைத்தான். கடிவாளம் போய் அதுல இடிச்சா, லகானைக் கையில எடுத்த உடனே தலையைத் தூக்கி ஆட்டும். நாமக்கல், உடுமலை ரெண்டு ஊர்லயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது. உள்ளூர்ல குதிரை பார்க்குற டாக்டர் கிடைக்கலைன்னா அங்க கூட்டிட்டுப் போயிரலாம்.

அடுத்து முதுகு. கழுத்தும் முதுகும் சேருற மேட்டுல இருந்து இடுப்பு வரைக்கும், தண்டுவடத்துக்கு மூணு விரல் தள்ளி, ரெண்டு பக்கமும் விரல் நுனியால ஒரே அழுத்தமா அழுத்திக்கிட்டே போங்க. நல்ல முதுகு லேசா நெளியும், அவ்வளவுதான். வலி இருந்தா சடார்னு பள்ளமாகும், காது பின்னாடி படுக்கும், வாலை வீசும். எந்த இடம்னு சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க.

சேணத்தை அடியில ஒண்ணும் விரிக்காம வெறும் முதுகுல வெச்சுப் பாருங்க. மார்வாரிக்கு அந்த மேடு தூக்கலா இருக்கும். மேட்டுக்கும் சேணத்தோட வளைவுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் நிக்கோணும். வேர்த்ததுக்கு அப்புறம் சேணத்தைக் கழட்டினா முதுகு பூரா ஒரே மாதிரி நனைஞ்சிருக்கோணும். நடுவுல ஒரு உள்ளங்கை அளவு காய்ஞ்ச திட்டு இருந்தா, அங்கதான் அமுக்குது. அதைச் சரிக்கட்ட மேல மேல கம்பளியை மடிச்சுப் போடாதீங்க. இறுக்கமான செருப்புக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்ட கதைதான்.

எடையும் பார்த்துருங்க. தராசு வேண்டாம், டெய்லர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எத்தனை செ.மீ., தோள் முனையில இருந்து பின்சப்பை முனை வரைக்கும் நீளம் எத்தனை செ.மீ. நெஞ்சுச் சுத்தை அதாலயே பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,877 ஆல வகுத்தா கிலோ கிட்டத்தட்ட வந்துரும். ஆளும் சேணமும் சேர்ந்து அதுல 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதுசாப் பழகுற குட்டிக்கு 15க்குள்ள நின்னா நல்லது. 72 கிலோவும் 7 கிலோவும் எனக்கு இடிக்குது. அளந்து போடுங்க.

லாயம்_60அடி:

அண்ணன் சொன்னதைப் பார்த்து முடிச்சதுக்கு அப்புறம் இதைப் படிங்க.

உங்க குதிரைக்குத் தார்ப்பாய் பெரிய விசயமே இல்லைங்க. சேணம் வயித்துக்கு அடியில போயி, தன்னையே ஒண்ணு துரத்துற மாதிரி இருந்துச்சு பாருங்க, அதுதான் மனசுல பதிஞ்சு கிடக்குது. எவ்வளவு வேகமா ஓடினாலும் அது கூடவே வந்துச்சு. அதனால வேலையைப் பிரிச்சுக்கோணும். உடம்புல கட்டுற பொருள் மேல இருக்குற பயம் தனி. தூரத்துல ஆடுற பொருள் மேல இருக்குற பயம் தனி. ரெண்டையும் ஒரே நாள்ல தொடாதீங்க.

இடம்: 60 அடி விட்டத்துல வட்டமா ஒரு பட்டி. சவுக்குக் கம்பம், நெஞ்சு உசரத்துக்கு மேல குறுக்குக் கம்பு. முள்ளுக்கம்பி கூடவே கூடாது. நம்ம கிளுவை வேலியை ஒரு பக்கமா வெச்சு மிச்சம் பண்ணலாம்னு தோணும், வேண்டாமுங்க. மிரண்டு அதுல சாஞ்சா தோளு கிழியும், ஒரு வருசத்துக்கு அந்தப் பக்கமே திரும்பாது. தரையில மணல் மூணு நாலு விரக்கடை இருந்தாப் போதும். ஆழமாப் போட்டா தசைநார் இழுத்துக்கும்.

கயிறு: பருத்திக் கயிறு 12 அடி ஒண்ணு, 25 அடி ரெண்டு. நைலான் கையை அறுத்துரும். கையுறை போடுங்க. கயிறைக் கையில சுத்தாதீங்க, மடிச்சு மடிச்சுப் பிடிங்க. இதை மறந்து விரலை விட்டவங்க உண்டு.

நேரம்: காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, ஒவ்வொண்ணும் 15 முதல் 20 நிமிசம். ஒரு மணி நேரம் ஒரேடியாப் போட்டு வாட்டுனா கடைசி நாப்பது நிமிசத்துல கத்துக்கறது எல்லாம் கெட்ட பழக்கம்தான். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வெயில் ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். புதுசா எதைச் சொல்லிக் குடுத்தாலும் ஏழு மணிக்கு முன்னாடி. பழகினதைக் காத்துல செஞ்சு பார்க்கறது சாயங்காலம்.

முதல் வாரம் சேணமே கண்ணுல படக் கூடாது. ஹால்டரும் (கடிவாளம் இல்லாத தலைவார்) 12 அடிக் கயிறும் மட்டும். மூணே விசயம். ஒண்ணு, கயிறை லேசாக் கீழ இழுத்தா தலையைத் தாழ்த்தோணும். ஒரு விரல் தாழ்த்தின அந்த நொடியிலயே இழுப்பை விட்டுருங்க. விடுறது தான் பாடம். இழுத்துக்கிட்டே இருந்தா அது எதிர்த்துத் தூக்கக் கத்துக்கும். ரெண்டு, நெஞ்சுல கை வெச்சா ரெண்டு அடி பின்வாங்கோணும். மூணு, தலையைப் பக்கவாட்டுல திருப்பி விலாவுல விரலை வெச்சா பின்சப்பையை நகர்த்தி, பின்னங்காலு ஒண்ணு இன்னொண்ணுக்கு முன்னாடி குறுக்க வரோணும். இந்த மூணாவதுதான் நாளைக்கு மேல உக்கார்ந்திருக்கும்போது பிரேக். பின்னங்காலு குறுக்க போயிருச்சுன்னா குதிரையால நேரா உந்த முடியாது. இடது பக்கம் ஒழுங்கா செஞ்சா வலது பக்கமும் வரும்னு நினைக்காதீங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியாச் சொல்லிக் குடுக்கோணும்.

எப்ப நிறுத்தறது? நாக்கால உதட்டை நக்கும், வாய் மெல்லும், தலை இறங்கும், கண்ணைச் சிமிட்டும், மூக்கு வழியா நீளமா ஒரு மூச்சு விடும். அங்க விட்டுருங்க. தாடை கல்லாட்டம் இருந்து, மூக்கு விரிஞ்சு, வால் சப்பையோட ஒட்டியிருந்தா நீங்க ஒரு படி அதிகமாப் போயிட்டீங்க. அசையாம நிக்குதேன்னு ஏமாந்துறாதீங்க. உறைஞ்சு போய் நிக்கிற குதிரைதான் திடீர்னு வெடிக்கும்.

ரெண்டாவது வாரம் மடிச்ச கோணிப்பை. தோள்ல தேய்ங்க, எடுத்துருங்க. முதுகுல, எடுத்துருங்க. பின்னங்காலு வரைக்கும் இப்படியே. எடுக்குற நேரம் முக்கியமுங்க. அது நின்ன நிலையில இருக்கும்போதுதான் எடுக்கோணும். நகர்ந்தா, கோணியை எடுக்காம கூடவே நகர்ந்து, அது நின்ன உடனே எடுங்க. நகரும்போது எடுத்தா ‘நகர்ந்தா இது போயிரும்’னு ஆகிப் போயிரும். உங்க குதிரை ஏறப் போனா நகர்ந்துக்குதே, அதுவும் அநேகமா இப்படிக் கத்துக்கிட்டதுதான்.

அடுத்து வயித்துப்பட்டை, சேணம் இல்லாம. முன்னங்காலோட முழங்கைக்கு (காலு நெஞ்சோட சேருற இடம்) ஒரு உள்ளங்கை பின்னாடி. முதல்ல சும்மா தொடுற மாதிரி. பத்தடி நடத்துங்க. ஒரு துளை ஏத்துங்க. மறுபடி நடத்துங்க. மூணு தவணையில இறுக்கினா ஊதிக்காது. ஒரே இழுப்புல இறுக்குறதுதான் ஊதிக்க வைக்குது.

பட்டை பழகினதுக்கு அப்புறம் அங்கவடி இல்லாத சேணம். அப்புறம் அங்கவடியை மேல ஏத்திக் கட்டின சேணம். கடைசியாத்தான் அங்கவடியைத் தொங்க விடறது. அதுக்கு முன்னாடி 25 அடிக் கயிறைப் பின்னங்காலுல மெதுவா உரசி உரசி, அதுக்கு அலுத்துப் போகோணும். தொங்குற அங்கவடி காலுல பட்டும் சும்மா நடந்துச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

சிலபேரு ‘கட்டிப் போட்டுத் தார்ப்பாயை மேல வீசு, ரெண்டு நாள்ல பழகிரும்’பாங்க. பழகாது, மரத்துப் போகும். வேற இடத்துல வேற துணியைப் பார்த்தா மொத்தமும் சேர்ந்து வெளிய வரும்.

தார்ப்பாய்க்கு வழி: 40 அடி தள்ளி, நாலு மூலையும் கல்லு வெச்சு தரையில விரிங்க. அதைப் பார்த்துக்கிட்டே புல்லு மெல்லுற தூரம் எதுவோ அங்க நில்லுங்க. மெல்லுறதை நிறுத்தினா ரெண்டு அடி பின்னாடி வாங்க. குதிரைக் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் எடுப்பாத் தெரியும், சிவப்பும் பச்சையும் அவ்வளவாப் பிரியாது. காய்ஞ்ச கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் காடு) நீலத் தார்ப்பாய் எப்படிக் கண்ணை அடிக்கும்னு யோசிங்க. மொதல்ல காக்கிக் கலர்ல ஒண்ணை விரிச்சுப் பழக்குனா ஒரு வாரம் மிச்சம்.

காத்தாலை நிழலுக்கும் இதே கணக்குதான். காலையிலயும் சாயங்காலமும் நிழல் நீளம் அதிகம், நகர்றதும் நல்லாத் தெரியும். உச்சி வெயில்ல நிழல் காத்தாலை அடியிலயே சுருங்கிக் கிடக்கும். முதல்ல அந்த நேரத்துல கயிறோட நடத்திக் கூட்டிட்டுப் போயி மேய விடுங்க. அப்புறம் தினம் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளுங்க. ஏறிக்கிட்டு முதல் தடவை அங்க போகாதீங்க.

தீவனக்காரன்:

யாரும் தீவனத்தைத் தொடலை. 3 கிலோ கொள்ளைத் தின்னுட்டு 23 மணி நேரம் கட்டுத்தறியில நின்னா நானும்தான் துள்ளுவேன்.

வேலை செய்யாத குட்டிக்கு வேக வெச்ச கொள்ளு முக்கால் கிலோ, ரெண்டு வேளையாப் பிரிச்சு. அதுவும் உடம்பு இளைச்சிருந்தாத்தான். வயிறு நிறையறது நார்த் தீவனத்துல. உடல் எடையில ரெண்டு சதவீதம் காய்ஞ்ச கணக்குல, 340 கிலோ குதிரைன்னா கிட்டத்தட்ட 7 கிலோ. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா வாய் அசையோணும். குதிரை வயித்துல அமிலம் சும்மாவே சுரந்துக்கிட்டு இருக்கும். ரொம்ப நேரம் வெறும் வயிறு, நடுவுல ஒரு குண்டான் கொள்ளுன்னு போட்டா வயித்துப் புண்ணு வரும். வாரை இழுக்கும்போது கடுப்பாகறதுக்கு அதுவும் ஒரு காரணம். கொள்ளைக் குறைக்கிறதை ஒரே நாள்ல செய்யாதீங்க, பத்து நாள்ல இறக்குங்க. திடீர் மாத்தம் வயித்து வலியில கொண்டு போய் விடும்.

இன்னொண்ணு, இது நம்ம பக்கத்துக்குன்னே உள்ள சிக்கல். கோ-4 ஆகட்டும், நாம பெருமையாச் சொல்ற கொழுக்கட்டைப் புல்லாகட்டும், ரெண்டுலயும் ஆக்சலேட் அதிகம். மாட்டு வயித்துல இருக்குற நுண்ணுயிர் அதை உடைச்சிரும், அதனால காங்கேயம் மாட்டுக்கு அது அமிர்தம். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட்டு புல்லுல இருக்குற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேராது. அது மேல தவிட்டை வேற கொட்டுனா, தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம், நிலைமை இன்னும் மோசம். உடம்பு எலும்புல இருந்து கால்சியத்தை எடுக்கும். மாசக்கணக்குல இப்படிப் போனா குட்டி இன்னிக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால்னு தாங்கித் தாங்கி நடக்கும், அடி குறுகிரும், கடைசியில மூஞ்சி எலும்பே வீங்கும். ஏறினா எரிச்சல் படுற குதிரையில இந்த மாதிரி ஒளிஞ்சு கிடக்குறது உண்டு.

தவிட்டை நிறுத்துங்க. புல்லை ஒரே வகையாப் போடாதீங்க. காய்ஞ்ச சோளத்தட்டு, பூஞ்சைக்காளான் இல்லாத கடலைக்கொடி, கூட ஒண்ணு ஒண்ணரை கிலோ குதிரைமசால். பேருலயே குதிரை இருக்குது, நம்மாளுங்க ஆட்டுக்கு மட்டும் போடுறாங்க. கால்சியம் அதுல நல்லா இருக்கும். கல்லுப்பு தினம் ஒரு கைப்பிடி, 30 கிராம். தனியாக் கால்சியம் எவ்வளவு குடுக்கறதுன்னு டாக்டரைக் கேட்டுக்குங்க. இளஞ்சோளப் பயிரு வேண்டாம், நஞ்சு இருக்கும். வேலியில சவுண்டல் மரம் இருந்தா அதுல தின்ன விடாதீங்க, பிடரியும் வாலும் கொட்டும். அரளி இருந்தா வெட்டி எறிஞ்சிருங்க. பகல்ல கொறங்காட்டுல அவிழ்த்து விடுங்க, கூட ஒரு கழுதையோ கெழட்டுக் குதிரையோ இருந்தா இன்னும் நல்லது.

மூலனூர்த் தோட்டம்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அளந்து பார்த்தாச்சு.

நெஞ்சுச் சுத்து 165 செ.மீ., நீளம் 148 செ.மீ. கணக்குப் போட்டா 339 கிலோ. பல்லு: மேல நடு ஜோடி, கீழ நடு ஜோடி மட்டும்தான் மாறியிருக்குது. அதுக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் பால் பல்லுதான், ஆட்டம் கூட இல்லை. முதுகுல இடது பக்கம், சேணத்தோட பின்பாதி உக்காருற இடத்துல அழுத்தினா சடக்குன்னு இறங்குது. பழைய வேர்வைத் தடம் பார்த்தா அதே இடத்துல உள்ளங்கை அளவு காய்ஞ்ச திட்டு.

ஓநாய்ப் பல்லு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முதுகுக்கு மருந்து எழுதிக் குடுத்திருக்காரு. தீவனத்தை மாத்த ஆரம்பிச்சாச்சு.

சித்தப்பா பையன் ஒருத்தன் 46 கிலோ, ரெண்டு வருசமா சவாரி பழகினவன். 5 கிலோ சேணம் ஒண்ணு கிடைக்கும். அவனை ஏத்தலாமா? எத்தனை நாள் கழிச்சு? அதுவரைக்கும் சும்மா விட்டா பழகினது எல்லாம் மறந்துறாதுங்களா?

கொறங்காட்டான்:

பல்லுக் கணக்குப்படி குதிரைக்கு இப்பதான் மூணு வயசு, ஒரு ரெண்டு மூணு மாசம் முன்னப்பின்ன. வாங்கும்போது ரெண்டு. அதாவது ரெண்டே முக்கால் வயசுக் குட்டி மேல 79 கிலோ. 339ல 23 சதவீதத்துக்கு மேல. மிரண்டதுல அது மேல தப்பே இல்லைங்க.

முன்னங்கால் முட்டிக்கு மேல இருக்குற வளர்தட்டு (எலும்பு வளர்ற இளம் பகுதி) மூடவே 2½ வயசு ஆகும். முதுகெலும்போடது மூட 5½, 6 வயசு வரைக்கும் போகும். நாலு வயசு வரைக்கும் பொறுத்தா ரொம்ப நல்லது. பொறுக்க முடியாதுன்னா பையன் 46, சேணம் 5, மொத்தம் 51, சரியா 15 சதவீதம். அந்த அளவுக்குள்ள, ஒரு நாளைக்குப் பத்து நிமிசம், நடை மட்டும், வாரத்துல மூணு நாள். அதுக்கு மேல வேண்டாம்.

முதுகுக்கு நாள் கணக்கு வேண்டாம். தினம் ஒருக்கா அழுத்திப் பாருங்க. தொடர்ந்து ஏழு நாள் சடக்குன்னு இறங்குறது எதுவும் இல்லைன்னா, டாக்டரும் சரின்னா, அன்னிக்குப் பட்டையில இருந்து தொடங்குங்க. நீங்க ஏறுறதைப் பத்தி ரெண்டு வருசம் கழிச்சு இன்னொருக்கா அளந்துட்டுப் பேசலாம்.

லாயம்_60அடி:

மறக்காதுங்க. அந்த இடைவெளிக்குத்தான் நீளக் கயிறு வேலை இருக்குது. முதுகு மேல ஒரு கிலோ கூட ஏறாம, ஏறினா என்னென்ன கேட்கப் போறோமோ அத்தனையும் சொல்லிக் குடுத்துரலாம். நிற்க, நடக்க, இடது, வலது, பின்வாங்க.

முதுகு ஆறினதும் வயித்துப்பட்டை, ரெண்டு பக்கமும் வளையம் வெச்சது. 25 அடிக் கயிறு ரெண்டையும் ஹால்டர்ல மாட்டி, வளையத்துக்குள்ள விட்டு, பின்னாடி எட்டுப் பத்து அடி தள்ளி, நேர் பின்னாடி நிக்காம ஒரு ஓரமா நடங்க. குதிரைக்குக் கிட்டத்தட்டச் சுத்திவர எல்லாம் தெரியும். நேர் வாலுக்குப் பின்னாடியும் நெத்திக்கு முன்னாடியும் மட்டும் தெரியாது. நீங்க தெரியாத இடத்துல நடந்தா, பயந்த குட்டி அதையே ஒரு சாக்கா வெச்சுக்கும். முதல் மூணு நாள் இன்னொரு ஆள் முன்னாடி ஹால்டரைப் பிடிச்சுக்கட்டும். முன்னாடி எந்தத் துணையும் இல்லாம தானே முதல் ஆளாப் போகப் பழகறதுனால, தைரியம் வர்றதுக்கு இதை விட்டா வேற நல்ல வழி எனக்குத் தெரியாது. பட்டியில ஒரு வாரம், தென்னந்தோப்புல ஒரு வாரம், அப்புறம் தடம். வெயில்ல இருந்து தோப்பு நிழலுக்குள்ள நுழையற எல்லையில நின்னுச்சுன்னா அதட்டாதீங்க. வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு அதோட கண்ணு பழக நம்மளை விட நேரம் எடுக்கும். நிக்கட்டும், பார்க்கட்டும், தலை இறங்கினதும் போகச் சொல்லுங்க.

ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. முதல் முதல்ல வெளிய போறப்ப இட்டேரி வழியாப் போகாதீங்க. ரெண்டு பக்கமும் வேலி இருக்குது, ஓடிப் போகாதுன்னு தோணும். அந்த வேலிக்குள்ளதான் மயிலு. எட்டடி அகலத்துல குதிரையைத் திருப்ப இடம் இருக்காது, முன்னாடி பாயறது ஒண்ணுதான் அதுக்கு வழி. உழுத காடு, நாலு பக்கமும் திறந்த இடம், அதுதான் தோது. உழவு மண்ணுல ஓடினாலும் சீக்கிரம் ஓய்ஞ்சிரும்.

மேடை_கல்லு:

ஏறுற ஆளைப் பத்தி யாரும் பேசலை, நான் சொல்றேன். பையன் ஏறினாலும் இது பொருந்தும். ரெண்டு வருசம் கழிச்சு நீங்க ஏறினாலும் பொருந்தும்.

தரையில இருந்து ஏறாதீங்க. முட்டி உசரத்துக்கு ஒரு கல்லோ மேடையோ போடுங்க. தரையில இருந்து அங்கவடியில தொங்கி ஏறினா சேணம் இடது பக்கம் இழுபடும். மேட்டுத் தோள்ல வலி, கூடவே பழைய சரிவு ஞாபகம். முதல் நாள் மேடை மேல ஏறி நிக்கிறது மட்டும். குதிரையை விட உசரத்துல ஒரு ஆளு நிக்கிறதே அதுக்குப் புதுசு. நிக்குதா, கழுத்தைச் சொறிஞ்சு விட்டு இறங்கிருங்க. அடுத்த நாள் வயித்தைக் குறுக்க வெச்சு முதுகு மேல சாயறது, அஞ்சு நொடி. ரெண்டு பக்கமும். அப்புறம் சாய்ஞ்சபடியே ஒருத்தர் ரெண்டு அடி நடத்தறது. சாய்ஞ்சு இருக்கறப்ப குதிரை நகர்ந்தா வழுக்கி இறங்கி நின்னுக்கலாம், கால் எதுலயும் மாட்டாது. காலைத் தூக்கிப் போட்டு உக்கார்றது, இது எல்லாம் சலிச்சுப் போனதுக்கு அப்புறம். காலைத் தூக்கும்போது பின்சப்பையில பூட்ஸ் உரசக் கூடாது. பாதிப் பேரு சறுக்குறது இங்கதான்.

ஹெல்மெட் கட்டாயம். குதிகால் வெச்ச மூடின செருப்பு. அங்கவடியில பாதத்தோட முன்பாதி மட்டும். செருப்பை விட ரெண்டு விரல் அகலமான அங்கவடியாப் பாருங்க, சின்னதுல கால் சிக்கும். கழுத்தைச் சுத்தி ஒரு வார் கட்டிருங்க. பயம் வந்தா மனுசன் கை தானா லகானை இழுக்கும். லகானை இழுத்தா குதிரை தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது, பார்க்க முடியலைன்னா இன்னும் பயப்படும். அந்த நேரத்துக்குப் பிடிக்கத்தான் கழுத்து வார்.

கை நடுங்குறதுக்கு மருந்து மூச்சு. பயந்த ஆளு மூச்சைப் பிடிச்சுக்குவான், தொடை இறுகும், குதிரைக்கு அது நேராப் போயிரும். வாய் விட்டு அடி எண்ணுங்க, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும், திரும்பத் திரும்ப. எண்ணிக்கிட்டே மூச்சைப் பிடிக்க முடியாது. பாட்டும் பாடலாம், கேட்கறது குதிரை மட்டும்தான்.

பின்சப்பை நகர்த்துற பாடம் சொன்னாங்கல்ல, அதை நின்ன குதிரை மேல உக்கார்ந்து தினம் ரெண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை செய்யோணும். ஒரு கை லகானை நடுப்பகுதி வரைக்கும் குறுக்கிப் பிடிச்சு, மெதுவா தொடைப் பக்கம் கொண்டு வாங்க. தலை திரும்பும், அதே பக்கத்துக் காலால பின்சப்பையைத் தள்ளுங்க, கால் குறுக்க போயி நின்னதும் உடனே லகானை விட்டுருங்க. வேகமா ஓடுறப்ப முதல் தடவையா இதைச் செஞ்சா குதிரை தடுக்கி விழும். நின்னபடி நூறு தடவை செஞ்சு கையில பதிஞ்சிருக்கோணும். அப்பதான் துள்ளப் போற அந்த முதல் நொடியிலயே கை தானாப் போகும். ஏறுறவருக்கு நம்பிக்கை வர்றது இதுலதான். நிறுத்தத் தெரியும்னு ஆகிட்டா கை நடுக்கம் பாதி குறைஞ்சிரும்.

கடிவாளம்: நடுவுல மூட்டு வெச்ச வழவழப்பான ஸ்னாஃபிள், 16 அல்லது 18 மி.மீ. தடிமன். வாயோட ரெண்டு ஓரத்துலயும் கால் இஞ்ச் வெளிய நிக்கோணும். சந்தையில ‘முள்ளுக் கடிவாளம் போடுங்க, சொன்னபடி கேட்கும்’பாங்க. 1965ஆம் வருசத்து விலங்குவதைத் தடுப்பு விதிகள்லயே முள் வெச்ச கடிவாளத்துக்குத் தடை இருக்குது. சட்டத்தை விடுங்க, நாக்கு கிழிஞ்ச குதிரை வலிக்குப் பயந்து இன்னும் வேகமாத்தான் ஓடும்.

ஒரு நாள் சொதப்பிருச்சுன்னா, அன்னிக்கு எந்தப் படி அதுக்கு நல்லாத் தெரியுமோ அங்க இறங்கி, அதை ஒருக்கா ஒழுங்கா செய்ய வெச்சு முடிச்சுக்குங்க. அது தலையைத் தாழ்த்தறது மட்டுமா இருந்தாலும் சரி.

மூலனூர்த் தோட்டம்:

சரிங்க. அப்ப இந்த ஆடிச் சந்தைக்கு ஏறிப் போறது இல்லைன்னு ஆச்சு. சும்மா கயிறுல கூட்டிட்டுப் போயி கூட்டத்தைப் பழக்கலாமுங்களா?

தீவனக்காரன்:

வேண்டாம். சந்தையில ஆயிரம் குதிரை, மேளம், ஒலிபெருக்கி, யாரோ ஒருத்தர் செல்பி எடுக்கப் பின்னாடி வந்து சப்பையைத் தட்டுவாரு. அது பழக்கம் இல்லை, மூழ்கடிக்கிறது. போதாக்குறைக்கு ஒரே தொட்டியில எல்லாக் குதிரையும் தண்ணி குடிச்சு சளிக்காய்ச்சல் ஒட்டிக்கிட்டு வரும்.

லாயம்_60அடி:

பக்கத்து ஊர்ல விசைத்தறி ஓடுற கூடம் ஏதாச்சும் இருந்தா, அங்க இருந்து ஒரு ஐநூறு அடி தள்ளி மேய விடுங்க. ஒரே தாளத்துல வர்ற சத்தம், திடீர்னு எதுவும் நடக்காது. வாரத்துக்கு அம்பது அடி கிட்டக் கொண்டு போங்க. மேய்றதை நிறுத்திட்டுத் தலையைத் தூக்கினா அம்பது அடி திரும்ப வந்துருங்க. ஹால்டர் கயிறைக் கம்பம், மரம்னு எதுலயும் கட்டிப் போடாதீங்க, கையில இருக்கட்டும்.